வளைகாப்புக்கு முன்பே

சாங்கி வட்டாரத்தில் நான் அறிந்த தமிழ்க் குடும்பங்களில், கர்ப்பிணிக்கு விருந்தும் கவனிப்பும் பெருகுவது ஏழாம் மாத வளைகாப்பையொட்டித்தான். கருவின் கணக்கோ வேறு.

கருத்தரித்த சுமார் 22ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28ஆம் நாளுக்குள் நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளர்வது இக்குழாய்தான். அது சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகெலும்புப் பிளவுடன் பிறக்கலாம். அப்போது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். கருவுற்றிருப்பதே பலருக்குத் தெரிந்திராது. எனவேதான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். தேக்கா சந்தையில் வாங்கும் கீரையிலும் பயற்றிலும் ஃபோலேட் சத்து உண்டு. ஆனால் கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் (நம் வீடுகளில் நடப்பதுதான்!) அதில் பெரும்பகுதி போய்விடும். உணவை மட்டும் நம்பாமல் மாத்திரையும் தருவது இதனால்தான்.

வளைகாப்பு விருந்து வீண் என்று சொல்லமாட்டேன். ஏழாம் மாத வாக்கில் சுமார் ஒரு கிலோ இருக்கும் சிசு, பிறக்கும்போது மூன்று கிலோ அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. ஆயினும் 'இரண்டு பேருக்காகச் சாப்பிடு' என்பது ஆபத்தான உபசாரம். சிங்கப்பூரில் 2009இல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. தாயின் இரத்தத்தில் மிகும் சர்க்கரை நச்சுக்கொடி வழியாகச் சிசுவை அடைந்து கொழுப்பாகச் சேர்கிறது. கடைசி மூன்று மாதங்களில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்குச் சுமார் 450 கலோரி: இரண்டு தோசையும் ஒரு கிண்ணம் சுண்டலும்.