வேலி கூப்பிடும், யார் ஓடுவது?

விமான நிலையச் சுவர்களுக்கு மின்னணுக் காவல் வாங்குவது பெரிய காரியமல்ல. பெங்களூர் போன்ற நிலையங்களுக்குத் தலைவலி தொடங்குவது வாங்கிய பிறகுதான்.

2019 ஆகஸ்ட் 22. மும்பை விமான நிலையத்தில் பெங்களூர் செல்லும் ஸ்பைஸ்ஜெட் விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது. சுற்றுச்சுவரைத் தாண்டிக் குதித்த ஓர் இளைஞர் புல்வெளியைக் கடந்து வந்து விமானத்தின் எஞ்சின் அருகே நிற்கிறார். விமானி எஞ்சினை அணைக்கிறார். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் வந்து ஆளைப் பிடிக்கிறார்கள். மனநிலை சரியில்லாதவர், கையில் ஆயுதம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் தில்லியிலும் அதே கதை நடந்தது. 2024 ஜனவரி இறுதியில், குடியரசு தின உஷார் நிலை முடியாத நேரத்தில், ஒருவர் சுவரேறிக் குதித்து ஓடுபாதைப் பகுதிக்கே வந்துவிட்டார். அவரைப் பார்த்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தகவல் சொன்னவர் ஏர் இந்தியா விமானி. அதாவது, நாட்டின் தலைநகரில் ஊடுருவலைக் கண்டுபிடித்த கருவி ஒரு விமானியின் கண். காவல் பணியிலிருந்த தலைமைக் காவலர் ஒருவர் தற்காலிக நீக்கம் செய்யப்பட்டார்.

சுவர் தாண்டுவதன் விலை என்னவென்று இலங்கை அறியும். 2001 ஜூலை 24 அதிகாலையில் கட்டுநாயக்க விமானப் படைத் தளத்துக்குள் நுழைந்த புலிகள் 14 பேர்தான். ஒட்டியிருந்த சர்வதேச விமான நிலையம் வரை அவர்கள் போனார்கள். பொழுது விடிந்தபோது நாசமானவை, சேதமடைந்தவை என்று 26 விமானங்கள். போர்க்காலக் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது, சுற்றுலா சரிந்தது, சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. 2016 ஜனவரியில் பதான்கோட் தளத்தின் 11 அடிச் சுவரைத் தாண்ட வந்தவர்களுக்கு ஒரு மரமும் ஒரு கயிறும் போதுமாக இருந்தன. பாதுகாப்புப் படையினர் ஏழு பேர் உயிரிழந்தார்கள்.

பெங்களூரில் காக்க வேண்டியது எவ்வளவு? தேவனஹள்ளியில் 2008 மே 24 அன்று திறக்கப்பட்ட கெம்பேகவுடா நிலையத்தின் நிலம் சுமார் 4,000 ஏக்கர். அது கச்சிதமான சதுரமாக இருந்தால்கூட நான்கு பக்கமும் சேர்ந்து 16 கி.மீ. ஆகும். நிஜத்தில் எந்த விமான நிலையமும் சதுரம் அல்ல. இங்கே ஓடுபாதை ஒவ்வொன்றுமே 4 கி.மீ. நீளம். காவல் கோபுரங்களும் ரோந்து ஜீப்பும் மட்டுமே இத்தனை நீளத்தை 24 மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சுற்றுவேலி ஊடுருவல் கண்டறியும் கருவிகளின் தேவை இங்கிருந்துதான் வருகிறது.

கருவிகளில் பல ஜாதி. கண்ணாடி இழைக் கேபிளை வேலியில் கட்டினால், யாராவது ஏறும்போதோ வெட்டும்போதோ ஏற்படும் அதிர்வு இழைக்குள் ஓடும் ஒளியைக் கலைக்கும். எந்த இடத்தில் என்பதைக்கூடச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும். மைக்ரோவேவ் கருவி இரு கம்பங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத அலைச்சுவர் எழுப்பும். மண்ணுக்குள் புதைக்கும் கேபிள் உண்டு. ராடாரும் வெப்பப் படக் காமிராவும் உண்டு.

விற்பவரின் விளக்கப் புத்தகத்தில் எல்லாமே பிரமாதமாக வேலை செய்யும். நம் ஊர் சுவரில்தான் சிக்கல். மேலைநாட்டு விமான நிலையங்கள் பலவற்றில் இருப்பது கம்பி வலை வேலி. தொட்டால் அதிரும், அதிர்வை இழை பிடித்துக்கொள்ளும். இந்திய நிலையங்களில் இருப்பதோ பெரும்பாலும் எட்டடி உயரக் கல், கான்கிரீட் சுவர், அதன் தலையில் முள்கம்பி. ஆள் ஏறினால் கான்கிரீட் அசையாது. ஆகவே இழையை முள்கம்பியில் கட்ட வேண்டும், அல்லது சுவருக்கு உள்ளே இன்னொரு வேலி போட வேண்டும். முள்கம்பியில் கட்டினால் அதன் மேல் பருந்து உட்கார்ந்தாலும் அதிரும், காற்றடித்தாலும் அதிரும். மைக்ரோவேவ் வைத்தால் இரண்டு மழைக்குள் இடுப்பளவு வளரும் புல் குறுக்கே ஆடும். நாய்க்கும் கீரிக்கும் வேலி தடை இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு பொய் மணி என்று வைத்துக்கொண்டால், 16 கி.மீ. வேலியில் ஆண்டுக்கு 5,840 மணி. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் ஜீப்பை அனுப்புவார். இரண்டாம் மாதம் ஒலியைக் குறைத்து வைப்பார். ஆறாம் மாதம் நிஜமாகவே ஆள் ஏறும்போது, அவருக்கு அதுவும் இன்னொரு பருந்து.

நியூயார்க்கில் நடந்தது இதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. கென்னடி உள்பட நான்கு நிலையங்களுக்கு ரேதியான் நிறுவனத்தின் கருவிகளை அமைக்க ஆன செலவு சுமார் 10 கோடி டாலர். 2012 ஆகஸ்டில், கடலில் பழுதாகி நின்ற ஜெட் ஸ்கீயை விட்டுவிட்டு நீந்திக் கரையேறிய ஒருவர், நனைந்த உடையோடு எட்டடி வேலியை ஏறிக் குதித்து, இரண்டு ஓடுபாதைகளைக் குறுக்கே கடந்து, டெல்டா முனையம் வரை நடந்து வந்தார். உதவி கேட்டு அவராக வந்து நின்ற பிறகுதான் விஷயமே தெரிந்தது.

வாங்கும் முறைக்கு வருவோம். இங்கே எஜமானர்கள் மூவர். எப்படிப்பட்ட சுவர், எப்படிப்பட்ட கருவி என்று விதி வகுப்பது சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான பிகாஸ். பணம் போட்டு வாங்குவது நிலையத்தை நடத்துபவர். பெங்களூரில் அது பெரும்பங்கு கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் வசமும், தலா 13 சதவீதம் விமான நிலைய ஆணையத்திடமும் கர்நாடக அரசிடமும் உள்ள நிறுவனம். ராத்திரி மூன்று மணிக்குக் கருவி முன் உட்காருவதோ தொழிற்பாதுகாப்புப் படைக் காவலர். 1999 இறுதியில் நடந்த கந்தகார் கடத்தலுக்குப் பின், 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலையக் காவல் அந்தப் படையிடம் போனது. சுருக்கமாகச் சொன்னால், வாங்குபவர் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்துபவர் வாங்குவதில்லை. பொய் மணியின் எரிச்சல் ஒருவருக்கு, பில் இன்னொருவருக்கு.

அரசின் விமான நிலைய ஆணையம் வாங்கும்போது இன்னொரு முடிச்சு சேருகிறது. தொழில்நுட்ப உறை, விலை உறை என இரண்டு உறை டெண்டர். முதல் உறையில் தேறியவர்களில் விலை குறைந்தவருக்கே பொதுவாக வேலை. கேபிளை மீட்டர் கணக்கில் அளக்கலாம், காமிராவை எண்ணலாம். பொய் மணியை எண்ணுவதற்கு மட்டும் ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை டெண்டர் கமிட்டிகளிடம் எதிர்பார்க்க முடியாத சரக்கு. 2020 ஜூலை முதல், நம்மோடு நில எல்லையைப் பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் பதிவு பெறாமல் அரசு டெண்டரில் கலந்துகொள்ள முடியாது. காமிராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை 2025 ஏப்ரலிலிருந்து கட்டாயம். இரண்டும் நியாயமான விதிகளே. ஆனால் கருவி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும், கத்த வேண்டிய நேரத்தில் கத்துமா என்பதைச் சொல்லாது.

ராணுவத்தில் ஒரு பழக்கம் உண்டு. வாங்கும் முன் 'செலவும் இல்லை, கட்டாயமும் இல்லை' என்ற நிபந்தனையில் போட்டியாளர்கள் தங்கள் கருவியைக் களத்தில் கொண்டுவந்து காட்ட வேண்டும். தேவனஹள்ளிச் சுவரில் 200 மீட்டரை நாலு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, மே மாத இடிமழை முதல் ஜனவரிப் பனி வரை ஓடவிட்டாலே பாதி விளம்பரம் உதிர்ந்துவிடும். பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, மாதத்துக்கு இத்தனை பொய் மணிக்கு மேல் போனால் பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். பத்தாண்டுப் பராமரிப்பையும் உதிரிப் பாகங்களையும் முதல் நாள் விலையிலேயே சேர்த்து ஒப்பிடலாம். நிலையம் வளர்ந்தால் வேலியும் நகரும் என்பதை மறக்கக் கூடாது. பெங்களூரில் 2019இல் இரண்டாம் ஓடுபாதை வந்தது, 2022இல் இரண்டாம் முனையம் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட கட்டுமானத்தில் புல்டோசர் முதலில் அறுப்பது பெரும்பாலும் மண்ணுக்கடியில் கிடக்கும் கேபிளைத்தான்.

வெளியே தேட வேண்டிய அவசியமும் குறைகிறது. பதான்கோட்டுக்குப் பிறகு விமானப் படைத் தளங்களுக்கான ஒருங்கிணைந்த சுற்றுவேலிப் பாதுகாப்பு அமைப்பு பாரத் எலெக்ட்ரானிக்ஸிடம் வந்தது. (திருச்சிக்காரர்களின் 'பெல்' அல்ல, 1954இல் பெங்களூர் ஜாலஹள்ளியில் பிறந்த இன்னொரு 'பெல்'.) அந்தத் தொழிற்சாலையிலிருந்து விமான நிலையச் சுவர் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம்தான், போக்குவரத்து மனது வைத்தால்.

கடைசியாக ஆள் விவகாரம். எட்டடிச் சுவரை ஏறிக் குதிக்க ஒரு வாலிபருக்கு அரை நிமிடம். அடுத்த ஒரு நிமிடத்தில் 300 மீட்டர் ஓடிவிடுவார். அதற்குள் மணி அடிக்க வேண்டும், காமிரா தானாகத் திரும்ப வேண்டும், காவலர் பார்த்து நிஜம் என்று முடிவு செய்ய வேண்டும், ஜீப் கிளம்ப வேண்டும், கோபுரத்துக்கும் தகவல் போக வேண்டும். டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் தேவனஹள்ளியில் பனி இறங்கினால் நூறு மீட்டர் தள்ளி இருப்பது தெரியாது. அடர்த்தியான பனியில் வெப்பப் படக் காமிராவும் தடுமாறும். விமானங்கள் வரிசையாகக் காத்துக் கிடக்கும். தில்லியில் கைகொடுத்த விமானியின் கண் அந்த நேரத்தில் உதவாது. அப்போது காவலர் நம்பியாக வேண்டியது கம்பியில் கட்டியிருக்கும் அந்த இழையை. அதுவும் நேற்றுவரை பருந்துக்காக நாற்பது முறை கத்திய இழையை.