குழாயில் தொடரும் வாழ்க்கை

ஓர் ஆய்வில், நலமானவர்களைவிட நோயாளிகளின் ரத்தத்தில் குளுக்கோஸ் குறைவு, லாக்டேட் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். நோய்தான் காரணமா? ரத்தம் எடுத்த குழாய் எவ்வளவு நேரம் மேசைமேல் கிடந்தது என்று முதலில் கேட்க வேண்டும். குழாய்க்குள்ளும் சிவப்பணுக்கள் உயிரோடு இருக்கின்றன. குளுக்கோஸை எடுத்துக்கொண்டு லாக்டேட்டை வெளிவிடுகின்றன. அறை வெப்பநிலையில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் இப்படிக் குறையும். நோயாளிகளின் ரத்தம் மட்டும் ஆய்வகத்துக்குத் தாமதமாக வந்திருந்தால், நாம் அளந்தது நோயை அல்ல, தாமதத்தை. எடுத்தவுடன் குளிரவைத்து, செல்களைப் பிரித்துவிட வேண்டும். பின்னால் போடும் எந்தக் கணக்கும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

குளுக்கோஸ், லாக்டேட் போன்ற சிறு மூலக்கூறுகளை மொத்தமாக ஆராயும் மெட்டபலோமிக்ஸில் ஆயிரம் மூலக்கூறுகளைக்கூட ஒரே மூச்சில் அளக்கிறார்கள். ஒவ்வொன்றின் p-மதிப்புக்கும் 0.05 என்ற வழக்கமான வரம்பை வைத்தால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் சுமார் 50 மூலக்கூறுகள் வேறுபடுவதாகத் தோன்றும். 1995இல் புள்ளியியலாளர்கள் பெஞ்சமினியும் ஹாக்பெர்கும் தந்த திருத்தமுறை இத்தகைய போலிகளை மட்டுப்படுத்துகிறது.

அளக்கும் கருவியின் உணர்திறனும் ஓட ஓட மாறும். எல்லா மாதிரிகளிலிருந்தும் சிறிது எடுத்துக் கலந்த கலவையை இடையிடையே ஓட்டுவார்கள். அதன் அளவு ஏறி இறங்கினால் மாறியது கருவிதான். இத்தனையும் தாண்டி நிற்கும் மூலக்கூறை, வேறு ஊர் நோயாளிகளிடமும் சோதிக்காமல் நோயின் அடையாளம் என்று அறிவிப்பது அவசரம்.