டின் காய்கறி: தண்ணீரோடு போவதும் தக்காளியில் கூடுவதும்

டின்னில் அடைக்கும் காய்கறி இரண்டு முறை வேகிறது. முதலில் வெந்நீரிலோ நீராவியிலோ சில நிமிடம் காட்டி எடுக்கிறார்கள். பிறகு உப்பு நீரோடு டின்னில் இட்டு, காற்றுப் புகாமல் மூடி, பெரிய பிரஷர் குக்கர் போன்ற கலத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸில் வேகவைக்கிறார்கள். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு சுரக்கும் போட்டுலினம் கிருமியின் வித்துகள் சாக அவ்வளவு சூடு வேண்டும். தக்காளியின் புளிப்பில் அந்தக் கிருமி தலையெடுக்காது. ஆகவே தக்காளிக்குக் கொதிநீர்ச் சூடே போதும்.

இந்தச் சூட்டில் அதிகம் அடிபடுவது வைட்டமின் சி. 100 கிராம் பச்சைப் பட்டாணியில் அது 40 மில்லிகிராம் உண்டு. டின் பட்டாணியில் 10 மில்லிகிராம் தேறினால் அதிகம். ஆனால் வீட்டில் வேகவைத்துத் தண்ணீரை வடித்த பட்டாணியிலும் மிஞ்சுவது 14 மில்லிகிராம்தான். டின்னைக் குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. புரதமும் நார்ச்சத்தும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. மக்காச்சோளத்தில் வைட்டமின் சி முதலிலேயே குறைவு. ஆகவே இழப்பும் சிறிது. அமெரிக்காவில் விற்கும் டின் பூசணி விழுதில் வைட்டமின் ஏ பச்சைப் பூசணியைவிட அதிகமாகக் காட்டும். புதிதாக ஒன்றும் சேர்ந்துவிடவில்லை; அடைக்கும் பூசணி ரகம் வேறு, நீரும் சற்றுக் குறைந்திருக்கிறது, அவ்வளவே.

தக்காளியின் கதை வேறு. அதன் சிவப்புக்குக் காரணமான லைகோபீன், வேகாத பழத்தில் செல்களுக்குள் சிறைப்பட்டிருப்பதால் உடலில் எளிதில் சேர்வதில்லை. சூடு செல்சுவரை உடைத்து அதை வெளியே விடுகிறது. கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தால் குடல் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். 100 கிராம் வேகாத சிவப்புத் தக்காளியில் லைகோபீன் 2.6 மில்லிகிராம் என்றால், நீர் சுண்டிய தக்காளி விழுதில் ஏறக்குறைய 28 மில்லிகிராம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. முழுத் தக்காளி குழைந்துபோகாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு சேர்ப்பது வழக்கம். சதை கெட்டிப்படுவதற்காகச் சேர்த்த அந்த உப்பால், 100 கிராமுக்கு 10 மில்லிகிராமாக இருந்த கால்சியம் 30 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது. சத்தைக் கூட்ட வேண்டுமென்று யாரும் நினைத்துச் செய்ததல்ல இது.

உண்மையான குற்றவாளி சமையல் உப்பு. 100 கிராம் பச்சைப் பட்டாணியில் சோடியம் 5 மில்லிகிராம். உப்பு நீரில் அடைத்ததில் சுமார் 250. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். டின் பயறுகளை வடித்துக் குழாய்நீரில் அலசினால் சோடியத்தில் சுமார் 40 சதவீதம் போய்விடும். கூடவே நீரில் கரைந்த வைட்டமின்களும் போகும். உப்புச் சேர்க்காத டின்னை வாங்கி, அந்த நீரையும் சூப்பிலோ குருமாவிலோ ஊற்றுவதுதான் இரண்டுக்கும் வழி.

நிறத்தை நம்பி வாங்குவது சரியல்ல. சூட்டில் பச்சையம் தன் மெக்னீசியத்தை இழந்து மங்கிவிடும். டின்னில் பட்டாணி பளிச்சென்று பச்சையாக இருந்தால் சாயம் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்திய உணவு விதிகள் அளவோடு அதை அனுமதிக்கின்றன. காய்ந்த பட்டாணியை ஊறவைத்து அடைத்த டின்களும் கடையில் உண்டு. அவற்றில் வைட்டமின் சி ஏறக்குறைய இல்லை. வாங்குமுன் டின்னைத் திருப்பி, சேர்மானப் பட்டியலையும் சோடிய அளவையும் படிப்பது நல்லது.