பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்

நண்பர் ஒருவருக்காக இரண்டு பழைய கார்களைப் பார்க்கப் போயிருந்தோம். ஒன்று மந்தைவெளியில் ஒரு வீட்டு வாசலில் நின்ற ஹூண்டாய் ஐ10. 2012-ல் பதிவானது, ஒரே ஓனர், மீட்டரில் 41,000 கிலோமீட்டர். இன்னொன்று தி. நகரில் ஒரு புரோக்கர் காட்டிய 2013 மாருதி ஸ்விஃப்ட். இரண்டாவது ஓனர், 78,000 ஓடியது. கேட்ட விலை ஏறக்குறைய ஒன்றுதான். நண்பர் அங்கேயே முடிவுக்கு வந்துவிட்டார். "ஒரே ஓனர், ஓட்டமும் கம்மி. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

ஐ10-இன் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். தினமும் வெளியே வந்து போகும் பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளேயே சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றின் பழுப்புக் கறை. 2015 டிசம்பரில் வண்டி எங்கே நின்றது என்று கேட்டேன். கோட்டூர்புரத்தில் மகள் வீட்டில் நின்றதாகவும், சீட் வரை தண்ணீர் ஏறியதாகவும், பிறகு எல்லாவற்றையும் சரிபார்த்து எடுத்ததாகவும் சொன்னார் அந்தப் பெரியவர். அவர் எதையும் மறைக்கவில்லை. முன்னால் வந்து பார்த்தவர்கள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சென்னையில் பழைய கார் வாங்குகிறவர்கள் மாடலையும் வருஷத்தையும் ஒப்பிடுவதற்கு முன், அந்த வண்டி எங்கே, எப்படி இருந்தது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரைபுரண்டு ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என வழியெங்கும் புகுந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மாட்டிக்கொண்டன. அன்று தண்ணீரில் நின்ற வண்டிகள் எல்லாம் புதுப்பேட்டை காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, காயவைத்து, மீண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஓடுகிற வண்டிக்கு என்ன குறை? வெள்ளம் செய்யும் கெடுதல் உடனே தெரிவதில்லை. வயர்கள் சேரும் கனெக்டர்களுக்குள் புகுந்த ஈரம் செம்பைப் பச்சை பூக்க வைக்கும். வருஷங்கள் கழித்து ஒரு நாள் பவர் விண்டோ இறங்காது, இன்னொரு நாள் செல்ஃப் எடுக்காது. எந்த மெக்கானிக்காலும் லேசில் காரணம் கண்டுபிடிக்க முடியாது. கதவுக்குக் கீழே, வெளியில் தெரியாத கூட்டுக்குள் தங்கிய சேறு உள்ளிருந்தே துரு ஏற்றும். அதனால் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் தெருவில் நின்ற வண்டியானால் வெள்ளமே வேண்டாம், உப்புக்காற்று போதும். கதவின் அடி விளிம்பையும் சக்கர வளைவின் உள்பக்கத்தையும் விரலால் தடவினால் பெயின்ட் கொப்பளித்திருப்பது தட்டுப்படும்.

விற்பவருக்கு வண்டியின் வயிறு தெரியும், வாங்குபவருக்குத் தோல்தான் தெரியும். 1970-ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதைப் பற்றித்தான் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதினார். எது நல்ல வண்டி என்று தெரியாததால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் சந்தையை விட்டே விலகிவிடுவார்கள் என்பது அவர் வாதம். 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அதே கட்டுரையில், கடை அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லைப் பொறுக்கி எடுக்கும் இந்தியக் குடும்பத் தலைவியையும் அவர் உதாரணம் காட்டுகிறார். நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் செய்ததைத்தான் நாம் காரில் செய்யவேண்டியிருக்கிறது.

தி. நகர் ஸ்விஃப்ட்டுக்கு வருவோம். மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்ற சந்தேகம் நண்பருக்கு. சர்வீஸ் பில்கள் 74,000 வரை வரிசையாக இருந்தன, தேதியும் கிலோமீட்டரும் பொருந்தின. பெடல் ரப்பரின் தேய்மானமும் அதற்கு ஏற்றபடியே இருந்தது. பில் இல்லாத 41,000-ஐவிடப் பில் உள்ள 78,000-ஐத்தான் நான் நம்புவேன். குறை கிளட்சில் இருந்தது. உஸ்மான் சாலை நெரிசலில் அரை கிளட்சில் ஊர்ந்த வண்டிக்கு, நெடுஞ்சாலையில் அதே தூரம் ஓடியதைவிடக் கிளட்ச் சீக்கிரம் தேயும். மேம்பாலம் ஏறும்போது நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினோம். எஞ்சின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை.

வண்டி பார்க்கப் போகும்முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஐ10-இல் 1.1 லிட்டர் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட், 1.2 லிட்டர் கப்பாவுக்கு டைமிங் செயின். பெல்ட் என்றால் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டே ஆகவேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர். கம்மியாக ஓடிய வண்டியில் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

ஆயுளையும் கணக்குப் போடுங்கள். சொந்தக் கார் பதிவு 15 வருஷம் செல்லும். 2012 வண்டிக்கு அது 2027-ல் முடியும். பிறகு எஃப்.சி. எடுத்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பசுமை வரி தனி. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இன்ஷூரன்ஸில் பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

நண்பர் ஸ்விஃப்ட்டையே எடுத்தார். கிளட்ச் செட் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளப் புரோக்கர் ஒப்புக்கொண்டார். ஆனால் எப்போதோ அடைத்த கடனுக்கான வங்கியின் பெயர் ஆர்.சி.யில் இன்னும் நீங்காமல் இருந்தது. படிவம் 35-உம் வங்கியின் என்.ஓ.சி.யும் கைக்கு வரும்வரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட நண்பர் கொடுக்கவில்லை. அதற்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் வண்டி புரோக்கரின் ஷெட்டில்தான் நின்றது.