பழைய தூணும் புது வீடும்

சேலம், நாமக்கல் பக்கம் புது வீடு கட்டுவோர் தூணும் கதவும் தேடிக் காரைக்குடிக்குப் போவது உண்டு. அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் இருக்கின்றன. பர்மா தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் கிடைக்கும். செட்டிநாட்டு மாளிகைகள் பல, பங்காளிகளுக்குள் பாகமாகி, பராமரிக்க வழியின்றி இடிபட்டபோது வெளியே வந்த சாமான்கள். ஒரு வீட்டின் துக்கம் இன்னொரு வீட்டின் அழகு!

கதவைக் கண்டதும் பணத்தை எடுத்துவிடக் கூடாது. கீல் இருந்த தடமோ ஆணித் துளையோ இல்லாத 'பழைய' கதவு, போன மாதம் பட்டறையில் பிறந்ததாக இருக்கலாம். ஐம்பொன் சிலை என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் உடனே படி இறங்கிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறாண்டு கடந்த சிலையை விற்பவருக்கு லைசென்சு வேண்டும். வாங்குபவர் அதைப் பதிவு செய்ய வேண்டும்.

சாமானுக்கு முன்னால் அலங்கார நிபுணரைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். அவர் காட்டும் படங்கள் போதா. அவர் முடித்துக் கொடுத்த வீட்டுக்கே போய், அந்த வீட்டு அம்மாளிடம் விசாரிக்க வேண்டும். கடைக்காரரிடம் கமிஷன் உண்டா என்றும் கேட்டுவிடலாம், கூச்சம் வேண்டாம். நல்ல நிபுணர் முதலில் அளவு நாடாவைத்தான் எடுப்பார். பன்னிரண்டடித் தூணைப் பத்தடிக் கூரையின் கீழ் நிறுத்த ரம்பம்தான் வழி. அறுத்த தூணை எந்தக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார்?