பால்கன் மலைகளுக்கு ஏற்ற சைக்கிள்

திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து போரெச் என்ற கடலோர ஊருக்கு 1902இல் ஒரு ரயில் பாதை திறக்கப்பட்டது. நீளம் 123 கிலோமீட்டர். தண்டவாளங்களுக்கு இடையே 760 மில்லிமீட்டர்தான். அப்போது அந்த நிலம் முழுவதும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தது. 1935இல் ரயில் நின்றுபோனது. தடம் மட்டும் மிஞ்சியது. இன்று அது பரென்சானா என்னும் சைக்கிள் பாதை. இத்தாலியில் கிளம்பி, ஸ்லோவேனியாவைத் தாண்டி, குரோஷியாவில் போய் இறங்கலாம். 123 கிலோமீட்டரில் மூன்று நாடுகள். வழியில் பல ஊர்ப் பலகைகளில் இரண்டு மொழிகள்.

அட்ரியாடிக் கடலுக்குக் கிழக்கே உள்ள பால்கன் பகுதி முழுக்க இப்படித்தான். தெற்கே போகப் போக போஸ்னியா, மொண்டெனேக்ரோ, அல்பேனியா, கொசோவோ, வட மாசிடோனியா என்று சின்னச் சின்ன நாடுகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மொண்டெனேக்ரோவின் மக்கள்தொகை சுமார் 6 லட்சம். கொசோவோவின் பரப்பளவு 11,000 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. செர்பியாவையும் சேர்த்து, ஸ்லோவேனியா தொடங்கி எட்டு நாடுகளை இணைக்கும் ‘டிரான்ஸ் தினாரிகா’ என்ற சைக்கிள் வழித்தடம் 2024இல் முழுமை பெற்றது.

இந்த நாடுகளைக் காரில் சுற்றினால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பறந்துவிடும். நடந்தால் மாதக்கணக்காகும். நாளொன்றுக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் போகிற சைக்கிள்தான் இவற்றுக்குச் சரியான அளவு. ஒரு பள்ளத்தாக்கில் மசூதி, அடுத்ததில் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், அதற்கடுத்த ஊரில் கத்தோலிக்க மணிக்கூண்டு என்று மாறிக்கொண்டே வருவதை ஒன்று விடாமல் பார்க்கலாம். இத்தகைய பயணத்துக்கென்றே உருவான வண்டிதான் டூரிங் சைக்கிள். வேகத்தை விட்டுக்கொடுத்து, சுமை தாங்கும் வலுவையும் எங்கேயும் பழுது பார்த்துக்கொள்ளும் வசதியையும் வாங்கிக்கொண்ட வண்டி அது.

ஏற்றத்தின் கணக்கு

மொண்டெனேக்ரோவின் கோட்டோர் நகரம் கடல் மட்டத்தில் இருக்கிறது. அதன் பின்னாலேயே லோவ்சென் மலை எழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரியர்கள் போட்ட சாலை 25 கொண்டை ஊசி வளைவுகளில் மடிந்து மடிந்து, 900 மீட்டருக்கு மேல் ஏறி, ந்யேகுஷி கிராமத்துக்குப் போகிறது.

ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 15, மூட்டை முடிச்சு 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 105 கிலோ. இதை 900 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 9,26,000 ஜூல் ஆற்றல் வேண்டும். பழக்கப்பட்ட கால்கள் சோர்வில்லாமல் தரக்கூடியது 100 வாட் அளவு. ஆகவே ஏற்றத்துக்கு மட்டுமே இரண்டரை மணி நேரம். டயர் உராய்வையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் ஆகிவிடும். வேகம் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டருக்குள்தான் நிற்கும்.

இந்த வேகத்தில்தான் கியர் தன் வேலையைக் காட்டுகிறது. முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடலை ஒரு முறை சுற்றும்போது வண்டி எவ்வளவு நகரும் என்று தெரிந்துவிடும். முன்னே 44 பல், பின்னே 18 பல், சுற்றளவு 2.2 மீட்டர் உள்ள சாதாரண கியரில்லா வண்டி ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர் நகரும். மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் அதன் பெடல் நிமிடத்துக்கு 17 முறைதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று உடம்பின் பாரத்தையே போட வேண்டியிருக்கும். டூரிங் சைக்கிளில் முன்னே 26, பின்னே 34 என்று கியர் இறங்கும். ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர்தான். அதே வேகத்துக்குப் பெடல் நிமிடத்துக்கு 54 முறை சுற்றும். மிதிக்கும் விசை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிடும். ஏறுவதற்கான மொத்த ஆற்றலைக் கியர் குறைப்பதில்லை. அதைக் கால் மூட்டு தாங்கக்கூடிய சிறு சிறு பங்காகப் பிரித்துத் தருகிறது.

பல வேக கியர்களுக்காக ஆயுள் முழுக்க வாதாடியவர் பிரான்ஸின் சேன்ட் எத்தியென் நகரத்துக்காரர் போல் த விவி. ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிய அவரைத்தான் சைக்கிள் சுற்றுலாவின் முன்னோடியாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

சக்கரமும் சட்டமும்

நெடும்பயணத்தில் முதலில் முறிவது பெரும்பாலும் பின்சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பி. அதற்குக் காரணம் உண்டு. பின்சக்கரத்தின் வலப்பக்கம் ஏழெட்டுப் பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டும். அதனால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட செங்குத்தாகவும், இடப்பக்கத்தைவிட மிக இறுக்கமாகவும் நிற்கின்றன. போதாததற்கு, மூட்டைகளின் பாரமும் பின்னால்தான் அதிகம். குழியில் விழுந்து எழுகிற ஒவ்வொரு முறையும் கம்பி தளர்ந்து இறுகும். கடைசியில் அச்சுக்குடத்தில் கொக்கி போல வளைந்திருக்கும் கழுத்தில் ஒடியும். உடனே ரிம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் உரச ஆரம்பிக்கும்.

டூரிங் சைக்கிளின் சக்கரத்தில் 36 கம்பிகள் வைப்பது இதற்காகத்தான். ஒன்று போனாலும் பக்கத்துக் கம்பிகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். அடுத்த ஊர் வரை உருளலாம். சில சட்டங்களில் செயினுக்கு அருகே உபரிக் கம்பிகளைச் செருகி வைக்கவே இடம் இருக்கும். வலப்பக்கக் கம்பியை மாற்ற வேண்டுமானால் பல்சக்கரத் தொகுதியை முதலில் கழற்ற வேண்டும். அதற்கான சாவி பையில் இல்லையென்றால் கம்பி இருந்தும் பயனில்லை. புதுக் கம்பியைக் கோத்த பிறகு, சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம் எந்தப் பக்கம் உரசுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கம்பியின் திருகு முனையான நிப்பிளைக் கால் திருகு கால் திருகாக இறுக்கிக் கோட்டம் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு முழுத் திருகு வைத்தால் கோட்டம் இன்னொரு இடத்துக்குப் போய்விடும்.

சட்டம் பெரும்பாலும் எஃகுதான். அலுமினியம் எடை குறைவு. ஆனால் விரிசல் விட்டால் சாலையோரத்தில் வைத்துச் சரிசெய்வது கடினம். எஃகை எந்தச் சிற்றூர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிவிடலாம். பின்சக்கர அச்சுக்கும் பெடல் அச்சுக்கும் இடையே 45 சென்டிமீட்டர் அளவுக்கு நீளம் விட்டிருப்பார்கள். பந்தய வண்டியில் இது 41 சென்டிமீட்டர் போலத்தான் இருக்கும். அந்த நான்கு சென்டிமீட்டர் இல்லாவிட்டால், மிதிக்கும்போதெல்லாம் குதிகால் பின்பையில் இடிக்கும். டயர் 40 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் ஜல்லிப் பாதையிலும் கவலையில்லை.

தண்ணீரும் சுமையும்

இந்த நாடுகளின் ஊடாகச் செல்லும் தினாரிக் மலைத்தொடர் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் மேலே நிற்காமல் பாறை இடுக்குகளில் இறங்கி நிலத்தடிக் குகைகளில் ஓடிவிடும். மழை நன்றாகப் பெய்கிற பகுதியிலும் பல கிலோமீட்டருக்கு ஓடையோ கிணறோ கண்ணில் படாது. கோடையில் மூன்று, நான்கு லிட்டர் தண்ணீரைச் சுமந்தே ஆக வேண்டும். சுமக்கும் எதையும் எவ்வளவு தாழ்வாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. எடை முழுவதையும் பின்னால் ஏற்றினால் இறக்கத்தில் ஹேண்டில்பார் உதறும். கனமான பொருள்களில் ஒரு பங்கை முன்சக்கரத்தின் இருபுறமும் அச்சு உயரத்தில் தொங்கவிட்டால் வண்டி நிதானமாக இறங்கும்.

குளிர்காலத்தில் ‘போரா’ என்ற வடகிழக்குக் காற்று மலையிலிருந்து கடலை நோக்கிச் சீறிப் பாயும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் வீச்சுகளும் உண்டு. பக்கவாட்டில் பைகள் தொங்கும் வண்டியை அது சாலையைவிட்டே தள்ளிவிடும். வசந்தமும் இலையுதிர் காலத்தின் தொடக்கமுமே இந்தப் பயணத்துக்கு உகந்தவை.

மோஸ்தாரிலிருந்து ஓஹ்ரிட் வரை

தொடங்குவதற்கு போஸ்னியாவின் மோஸ்தார் நல்ல ஊர். 1566இல் உஸ்மானியர்கள் கட்டிய கல்பாலம் 1993 நவம்பர் 9 அன்று போஸ்னியப் போரில் தகர்க்கப்பட்டது. 2004இல் மீண்டும் எழுந்தது. அங்கிருந்து குரோஷியாவின் துப்ரோவ்னிக் வரை ‘சிரோ’ பாதை போகிறது. இதன் பெரும்பகுதி 1901இல் திறந்து 1976இல் மூடிய இன்னொரு குறுகிய ரயில் தடம். ரயில் எஞ்சின் செங்குத்தாக ஏறாது. அதனால் பழைய ரயில் தடமெல்லாம் சைக்கிளுக்குக் கிடைத்த வரம். விளக்கில்லாத சுரங்கங்கள் வழியில் உண்டு. முன்சக்கர அச்சுக்குடத்துக்குள்ளேயே அடங்கிய டைனமோ இருந்தால் பேட்டரியை நம்ப வேண்டியதில்லை.

துப்ரோவ்னிக்கிலிருந்து மொண்டெனேக்ரோவைக் கடந்தால் அல்பேனியா. அதன் ஷ்கோடர் நகரில் சைக்கிள் இன்றும் அன்றாட வாகனம். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் தனியார் கார் வைத்துக்கொள்ளத் தடை இருந்தது. சமதளமான அந்த ஊரில் சைக்கிள் பழக்கம் வேரூன்றிவிட்டது. 1967இல் மதத்தையே தடைசெய்த நாட்டில், இப்போது அந்த நகரின் மையத்தில் மசூதியும் கத்தோலிக்கப் பேராலயமும் ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் நடக்கிற தூரத்தில் நிற்கின்றன. அங்கிருந்து கோமன் நீர்த்தேக்கத்தில் சைக்கிளைப் படகில் ஏற்றி மலையிடுக்கு வழியாகப் போய், கொசோவோவின் ப்ரிஸ்ரென் நகரை அடையலாம். 1615ஆம் ஆண்டின் சினான் பாஷா மசூதியும் பதினான்காம் நூற்றாண்டின் செர்பியத் தேவாலயமும் அங்கே நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. கடைசியாக வட மாசிடோனியாவின் ஓஹ்ரிட் ஏரி. ஐரோப்பாவின் மிகப் பழைய ஏரிகளில் ஒன்று. இவ்வளவு தூரத்துக்குள் பணம் மார்க், யூரோ, லெக், மறுபடி யூரோ, தெனார் என்று மாறிவிடுகிறது. எழுத்து லத்தீனிலிருந்து சிரிலிக்குக்குத் தாவுகிறது.

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை

போஸ்னியாவில் போர்க்காலக் கண்ணிவெடிகள் இன்னும் முழுதாக அகற்றப்படவில்லை. மண்டையோட்டுப் பலகை இருக்கும் இடத்தில் மட்டுமல்ல, ஆள் நடமாட்டமில்லாத எந்தப் புதரிலும் கால் வைக்கக் கூடாது. கூடாரம் போடுவதும் ஒதுங்குவதும் தாரோ கான்கிரீட்டோ உள்ள இடத்தை ஒட்டியே இருக்கட்டும்.

மலைக் கிராமங்களில் ஆட்டு மந்தைக் காவல் நாய்கள் துரத்தும். வேகமெடுத்தால் துரத்தல் கூடும். இறங்கி, வண்டியை நாய்க்கும் நமக்கும் நடுவே நிறுத்தி, மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் என்ற பொது விசா பகுதியில் சேர்ந்த நாடு, போஸ்னியா அப்படியல்ல. மோஸ்தார் போய்விட்டு துப்ரோவ்னிக் திரும்ப நினைக்கும் இந்தியப் பயணிக்குப் பல முறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். அல்பேனியா வழியாகக் கொசோவோவுக்குள் போனவர் அங்கிருந்து நேரே செர்பியாவுக்குள் நுழைய முயன்றால் திருப்பி அனுப்பப்படலாம். கொசோவோவைத் தனி நாடாகச் செர்பியா ஏற்கவில்லை. பாதையை வரையும்போதே இந்த வரிசையை முடிவு செய்துவிட வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு, விலை உயர்ந்த வண்டி இருந்தால்தான் முடியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி 1963இல் கடும் பனிக்காலத்தில் கிளம்பி, அன்றைய யுகோஸ்லாவியாவைக் கடந்து, தில்லி வரை சைக்கிளில் வந்தார். வழியில் கெட்டுப்போகும் என்று வண்டியின் மூன்று கியர்களையும் கிளம்பும் முன்பே கழற்றிவிட்டார். ஏற முடியாத இடங்களில் இறங்கித் தள்ளினார். இன்று நமக்கு அதைவிட நல்ல வண்டி குறைந்த செலவிலேயே அமையும். பின்சக்கரம் உறுதியாக இருக்கிறதா, கியர் போதுமான அளவு இறங்குகிறதா, சுமை தாழ்வாக இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். பஞ்சர் ஒட்டவும், ஸ்போக்ஸ் மாற்றவும், கோட்டம் எடுக்கவும் உங்கள் தெருவின் சைக்கிள் கடைக்காரரிடமே கற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகு வரைபடத்தை விரியுங்கள்.