கராடியில் ஒரு கொள்ளுப்பாட்டனைத் தேட

1872இல் தொடங்கிய இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கோடிக்கணக்கானோரின் வயதையும் தொழிலையும் கேட்டு எழுதியது. ஆனாலும் கொள்ளுப்பாட்டனின் பெயரை அதில் தேட முடியாது. கூட்டிக் கணக்கிட்டதும் பழைய படிவங்கள் அழிக்கப்பட்டன. தனிமனிதர் விவரங்களை எவரும் பார்வையிட 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் இடம் தருவதில்லை. பிரிட்டனில் நூறாண்டு கழிந்ததும் படிவங்களைத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் வெளியானது.

புனேயின் கிழக்கே, ஐ.டி. கட்டடங்கள் எழுந்துவிட்ட கராடி போன்ற பழைய விவசாய ஊர்களில், பெயர்கள் தங்கியிருப்பது நிலப் பதிவுகளில்தான். 'சாத்பாரா' எனப்படும் 7/12 படிவத்தில் நிலத்துக்குரியவர் பெயர் இருக்கும். அதைவிடக் கைகொடுப்பது 'ஃபேர்ஃபார்' என்னும் பெயர்மாற்றப் பதிவேடு. நிலத்துக்குரியவர் இறந்ததும் வாரிசுகள் யார், என்ன உறவு என்று அதில் எழுதுவார்கள். பதிவு எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் மகன், தந்தை, பாட்டன் என்று வரிசை விரியும். கிராம ஊழியரான கொத்வாலின் பொறுப்பில் இருந்த பிறப்பு இறப்பு ஏடும் உண்டு. பழைய பக்கங்கள் மராத்தியின் பழைய எழுத்துமுறையான மோடி எழுத்தில் இருப்பதால் அதைப் படிக்கத் தெரிந்தவர் துணை வேண்டும். குன்பி சாதிப் பதிவுகளைத் தேட 2023இல் அமைக்கப்பட்ட நீதிபதி சந்தீப் ஷிண்டே குழு புரட்டியதும் இத்தகைய ஏடுகளைத்தான். நிலமற்றவர்களும் பெண்களும் இவற்றில் அரிதாகவே தென்படுவது பெரிய இழப்பு.

அந்த இழப்பை டி.என்.ஏ. கொஞ்சம் ஈடுசெய்கிறது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழியில் மட்டும் இறங்கும். 2013இல் பிரிட்டன் இளவரசர் வில்லியமின் தாய்வழித் தூரத்து உறவினர்களைச் சோதித்தபோது, ஆர்30பி என்ற தெற்காசிய வகை வெளிப்பட்டது. வில்லியமின் தாய்வழி மூதாதையும் சூரத்தில் ஸ்காட்லாந்து வணிகர் தியடோர் ஃபோர்ப்ஸுடன் வாழ்ந்தவருமான எலிசா கேவார்க், ஆர்மீனியர் என்றே அதுவரை கருதப்பட்டவர், தாய்வழியில் இந்தியர் என்று அதனால் தெரிந்தது. எலிசா வரையிலான வம்ச வரிசை ஏற்கெனவே காகிதத்தில் இருந்ததால்தான் அந்த முடிவுக்குப் பொருள் கிடைத்தது.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணம் முடித்த குடும்பங்களில், தூரத்து உறவினரும் சோதனையில் நெருங்கிய உறவினராகத் தோன்றுவார். கொள்ளுப்பாட்டனின் டி.என்.ஏ.வில் கொள்ளுப்பேரனிடம் எஞ்சுவது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அவருடைய மகளான பாட்டியிடமோ பாதி இருக்கும். அதனால் வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே, அவர்கள் சம்மதத்துடன், முதலில் அவர்களைச் சோதிப்பது நல்லது.